வடசென்னையின் வீசிங்: சமூகத் தொழில்முனைவு கைகொடுக்குமா?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
வீசிங்குக்கு வாயில் வைத்து அடித்து இழுக்கும் பம்ப்களில் (இன்ஹேலர்) எங்கள் கடையில் அதிகம் விற்பது நீல நிற சால்பியூட்டமால் பம்ப். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைத் தணிக்கும் புடசொனைடு பம்ப்பைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. நீலம் உடனே மூச்சைத் திறந்துவிடும். வீக்கம் அப்படியே கிடக்கும். பெரியவர்களும் பதின்பருவத்தினரும் நீலத்தை மட்டும் நம்பக் கூடாது என்று ஜீனா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. இதைக் கொருக்குப்பேட்டையில், வியாசர்பாடியில் வீடு வீடாகப் போய் யார் சொல்வது? அந்தந்தப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சியும் சம்பளமும் தருகிற ஒரு சமூக நிறுவனம் தொடங்கலாமே. வசதியுள்ளவரிடம் கட்டணம் வாங்கலாம், இல்லாதவருக்கு இலவசமாகச் செய்யலாம். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அப்படித்தானே வளர்ந்தது?

எண்ணூர்க்காரன்:
அரவிந்தின் கணக்கு இங்கே செல்லாது. கண்புரைக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் பார்வை தெளிகிறது, பலன் கண்முன்னே இருக்கிறது. புடசொனைடைத் தினமும் இழுக்க வேண்டும். அது வேலை செய்தால் எதுவும் நடக்காது. "பிள்ளைக்குச் சரியாகிவிட்டது" என்று ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். எதுவும் நடக்காமல் இருப்பதற்கு மாதாமாதம் காசு கொடுக்கத் தினக்கூலிக் குடும்பத்தால் முடியுமா?

அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அனல்மின் நிலையச் சாம்பல், மணலி ஆலைப் புகை, கொடுங்கையூர்க் குப்பைமேடு எரியும் நாற்றம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நஞ்சை விடுகிறவர் விட்டுக்கொண்டே இருக்க, திணறுகிறவர் வாடிக்கையாளராக வேண்டுமா?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
காற்றுக்காகப் போராடுங்கள், நானும் வருகிறேன். இன்றிரவு இழுப்பு வரும் குழந்தையை அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது.

நகர்நலச் செவிலி:
இருவரும் பம்ப்பின் விலையிலேயே நிற்கிறீர்கள். பம்ப் கையில் இருந்தும் பயன்படாத வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குலுக்காமல் அடிக்கிறார்கள், அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேர்வதில்லை, மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறது. "பம்ப் பழகிவிடும், சிரப் கொடுங்கள்" என்பார்கள். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று ஒளித்து வைப்பதும் உண்டு. இதை மாற்ற ஒரே முகம் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போக வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர், அதாவது பம்ப்பில் மாட்டி அடித்த மருந்தைப் பிடித்துவைத்து மெதுவாக இழுக்க விடும் குடுவை, கட்டாயம் வேண்டும். அதற்கும் காசில்லை என்றால்? கேப் டவுன் மருத்துவர்கள் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளியை அடைத்துக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது ஈடாக வேலை செய்ததை 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். தொழில்முனைவோர் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்: மலிவான ஸ்பேசர், நல்ல பயிற்சி. பணத்தை நோயாளி தர வேண்டாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். புடசொனைடும் அதே பையில் போகட்டும், கற்றுத்தரும் வேலைக்கு அரசு பணம் கொடுக்கட்டும்.

எண்ணூர்க்காரன்:
இதை ஏற்கலாம். ஆனால் எதை எண்ணிப் பணம் கொடுப்பீர்கள்? கொடுத்த பம்ப்பை எண்ணினால் பம்ப் மட்டும் குவியும். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் தரும் கருவி) வைக்க ஓடுவது குறைந்ததா என்று எண்ணினால், மோசமான நோயாளியை முதலிலேயே கழற்றிவிடுவார்கள்.

நகர்நலச் செவிலி:
அப்படியானால் நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிறுவனத்திடம் கொடுக்காதீர்கள். ஒரு தெருவை முழுதாக ஒப்படையுங்கள். அந்தத் தெருவிலிருந்து இரவில் மூச்சுத் திணறி அரசு மருத்துவமனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து அரசே எடுக்கட்டும், நிறுவனம் தரும் கணக்கு வேண்டாம்.

எண்ணூர்க்காரன்:
அதே பதிவேட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளவுகளோடு நாள்வாரியாக ஒட்டி வெளியிடவும் வேண்டும். அதற்குச் சம்மதிக்கும் நிறுவனம் என்றால் எங்கள் குப்பத்திலிருந்தே தொடங்குங்கள்.