மறுமொழி: மிதிவண்டித் தோல் இருக்கைக் கலைச்சொற்கள் – "மென்மையாக்கல்" வேண்டாம், "படிமானம்" எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

> புதுத் தோல் இருக்கை ஓட்ட ஓட்ட உடலுக்கு ஏற்றபடி மாறுவதை "மென்மையாக்கல்" என்றால் போதாதா?

போதாது, அந்தச் சொல் கெடுதலும் செய்யும். அதை நம்பி யாராவது புது இருக்கையை எண்ணெயில் ஊறவைப்பார்கள். மிதிவண்டியின் தோல் இருக்கைக்கு அடியில் பஞ்சு கிடையாது. தாவரச் சாற்றால் பதனிட்ட தடித்த தோலை இருக்கையின் முன்முனையான மூக்கிலும் பின்பக்க உலோகத் தகடான பின்தகட்டிலும் தறையாணி (ரிவெட்) அடித்து, கயிற்றுக் கட்டிலைப் போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். உடல் எடை, சூடு, வியர்வை ஈரம் மூன்றும் சேர்ந்து உட்காரும் எலும்புகள் அழுத்தும் இரண்டு இடங்களில் மட்டும் தோலைக் குழிய வைக்கின்றன. மற்ற இடங்கள் விறைப்பாகவே இருக்க வேண்டும். முழுத் தோலும் மென்மையானால் இருக்கையின் ஆயுள் குறைந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே என் பரிந்துரை "படிமானம்". சட்டை உடம்புக்குப் படிகிறது என்கிறோம். இங்கும் தோல் உடலின் வடிவத்துக்குப் படிகிறது. வினையாக "படிதல்", "படியவைத்தல்" இரண்டும் கிடைக்கின்றன. "படிவு" நிலவியலில் இருப்பதால் குழப்பம் வரும் என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கையைப் பற்றிப் படிப்பவர் வண்டல் மண்ணை நினைக்க மாட்டார். "பதப்படுத்தல்" தோல் பதனிடும் தொழிலுக்கு உரியது, விட்டுவிடலாம். "பழக்கல்" அழகான சொல், ஆனால் பழகுவது தோலா, ஓட்டுபவரா என்ற ஐயம் வரும். (இருவரும்தான் என்பது வேறு கதை.)

படிமானத்துக்கு எதிர்ப்பக்கம் "தொய்வு". குழி இரண்டு இடங்களில் இருந்தால் படிமானம். நடுவே முழுவதும் தொங்கி, ஓரங்கள் வெளியே விரிந்தால் தொய்வு. மூக்குக்கு அடியில் உள்ள திருகு தொய்வுக்கு மட்டுமே. அதை "இறுக்கு திருகு" என்றால், தளர்ந்த ஆணி என்று நினைத்து மாதந்தோறும் முறுக்குவார்கள். தோல் தறையாணி அருகே கிழியும். "இழுப்புத் திருகு" என்போம். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகக் கூடாது என்பதை விளக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.

தோல் இருக்கை செய்யும் ப்ரூக்ஸ் நிறுவனம் விற்கும் ப்ரூஃபைடு போன்ற, கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சுக்குத் "தோல்மெழுகு" போதும். மெல்லியதாகத் தடவித் துடைப்பது. "எண்ணெய்" என்ற சொல்லே அதில் வரக்கூடாது. நனைந்த இருக்கையை நிழலில் உலர்த்த வேண்டும், நனைந்தபடியே அதன்மேல் ஓட்டக்கூடாது. ஈரத்தோல் வேகமாகத் தொய்ந்துவிடும்.

நம் கலைச்சொல் பட்டியலில், இருக்கையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதியில் "அகலம்" என்று மட்டும் எழுதினால் குழப்பமே மிஞ்சும். உட்காரும் எலும்புகளின் இடைவெளி ஒன்று, இருக்கையின் அகலம் வேறொன்று. ப்ரூக்ஸின் பி17 என்ற இருக்கையின் அகலம் ஏறக்குறைய 175 மில்லிமீட்டர், அதன் டீம் ப்ரோ இருக்கைக்கு 160. எலும்புகள் தோலின் மேல் அமர வேண்டும். இருக்கை குறுகலாக இருந்தால் பின்தகட்டின் விளிம்பு குத்தும், அதற்கு எந்தப் படிமானமும் உதவாது. நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் அகலம் தேவைப்படும். "எலும்பிடை", "இருக்கை அகலம்" என்று பிரித்தே எழுதுவோம்.

அடியில் உள்ள இரண்டு கம்பிகளுக்குத் "தண்டவாளம்" என்று பட்டியலில் போட்டவர் யார்? ரயில் ஓடப்போவதில்லை. "தாங்குகம்பி" என்று மாற்றியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.