கொலம்பைன் ஏற்றத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்தவர்: உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறதா?

பின்சக்கரம்

லெட்வில் 100, அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடக்கும் நூறு மைல் மலைச் சைக்கிள் போட்டி. கொலம்பைன் ஏற்றத்தில் மரங்கள் முடிந்துவிட்ட பகுதி. போனவர்களுக்குத் தெரியும், எங்கள் வேகத்தில் வருகிற யாரும் அங்கே மிதித்து ஏறுவதில்லை. வலது ஓரமாக ஒற்றை வரிசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்போம். உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் இடப்பக்கம் கற்களைச் சிதறடித்தபடி இறங்குவார்கள்.

ஒரு வளைவில் பாறைமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் காலடியில் கிடந்தது. ஹெல்மெட் வாரின் கொக்கியை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். முனையைத் துளைக்குள் நுழைக்காமல், கொக்கியின் முதுகில் வைத்து அழுத்தினார். வழுக்கியது. மறுபடியும் அதே இடத்தில் வைத்து அழுத்தினார். வரிசை நகர்ந்து அவரைக் கடப்பதற்குள் மூன்று முறை பார்த்துவிட்டேன். முகத்தில் எரிச்சல் என்பதே இல்லை. அதுதான் இன்றும் என்னை விடவில்லை. கொக்கி மாட்ட மறுத்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அவருக்கு வரவில்லை.

“நலமா?” என்று கேட்டேன். கட்டைவிரலை உயர்த்தினார். பின்னால் வந்தவரின் முன்சக்கரம் என் குதிகாலில் இடித்தது. நடந்துவிட்டேன்.

உச்சியைத் தொட்டு இறங்கும்போது பாறை காலியாக இருந்தது. 11 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். பெல்ட் கொக்கி கிடைத்தது. 12 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குத் தருகிற பரிசும் ஒரு கொக்கிதான். மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது, கூடவே அவருடைய விரல்களும்.

ஏறுமுகம்

என்னுடையது பவர்லைன் ஏற்றத்தில், திரும்பும் வழியில். காலையில் இறங்கிய அதே சரிவு. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடிய கால்களோடு அதையே ஏற வேண்டும். உச்சி வந்துவிட்டது என்று நம்பினால் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும், அதற்கும் பின்னால் இன்னொன்று.

எனக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். வாய்விட்டு எண்ணினார். எனக்குத் தெரியாத ஒரு மொழியில். இருபது வரை எண்ணுவார், நிற்பார், ஐந்து மூச்சு, பிறகு மறுபடியும் ஒன்று. இருபது என்று எப்படித் தெரியும் என்றால், நான் என் மொழியில் கூடவே எண்ணத் தொடங்கிவிட்டேன். அவர் நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். அவருடைய பின் டயரில் ஒரு சின்னப் பச்சை இலை ஒட்டியிருந்தது. அது மேலே வரும், கீழே போகும். அந்த ஏற்றம் முழுவதும் நான் பார்த்தது அதை மட்டும்தான்.

மேலே வந்ததும் அவர் ஏறி மிதித்துப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தெரியாது, போட்டி எண்ணையும் பார்க்கவில்லை. நன்றி சொல்ல ஆள் இல்லாமல் நிற்பது ஒரு பாரம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாடித்துடிப்பு

என் கதை சின்னது. போட்டிக்கு முந்தைய இரவு தலைவலி, தூக்கமில்லை, விடியற்காலையில் வாந்தி. இருந்தும் காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். வழியில் உள்ள ட்வின் லேக்ஸ் அணைக்கட்டில் போட்டி எண்ணைக் கழற்றிக் கொடுத்து விலகிவிட்டு உட்கார்ந்தேன். என் தண்ணீர்க் குப்பியை வாங்கிக்கொண்ட தன்னார்வலர், “நல்ல முடிவு” என்று சொன்னார். அழுதுவிட்டேன்.

பின்சக்கரம், உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுத்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் அந்த விரல்களை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். லெட்வில் ஊரே 10,152 அடியில் இருக்கிறது. கொலம்பைன் உச்சி சுமார் 12,400 அடி. அங்கே காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் கீழே உள்ள அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 63 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அவ்வளவு குறைகிறது. தலைவலியும் குமட்டலும் பலருக்கும் வரும். ஆனால் கை சொன்னபடி கேட்காமல் போவதும், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவதும், பேச்சு குழறுவதும் வேறு விஷயம். மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்குவதன் அடையாளமாக அவை இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. கொஞ்சம் ஓய்வு எடுத்துவிட்டு மேலே போகலாம் என்பது கிடையாது.

“நலமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். மூளை மங்கியவரும் கட்டைவிரலை உயர்த்துவார், அது வருடக்கணக்கில் கைக்குப் பழகிய அசைவு. பெயரைக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேளுங்கள். ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டிவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் இறக்கியே ஆக வேண்டும், கூட ஒருவர் இறங்க வேண்டும். வரிசை இருக்கிறது என்கிறீர்கள். வரிசையில் இருப்பவர்களிடமே சொல்லி அனுப்பலாமே, உச்சியில் உதவி நிலையம் இருக்கிறது.

உயரத்தில் வரும் தலைவலியையும் குமட்டலையும் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை போட்டுக்கொண்டு போனதாகச் சிலர் பெருமையாகவே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருக்கிற மருந்து அது. மருத்துவரின் ஆலோசனையும் முறையான விலக்கும் இல்லாமல் போட்டியில் அதைத் தொடாதீர்கள். முடிந்தால் இரண்டு மூன்று வாரம் முன்பே மேலே போய்த் தங்குங்கள். உடல் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தப் போட்டியைத் தொடங்கிய கென் க்ளோபர் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். வீரர்களிடம் அவர் சொல்வது “ஆழமாகத் தோண்டுங்கள்” என்பது. எல்லோரும் அதை வலியைத் தாங்குவது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆழத்தில் தோண்டுகிறவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காமல் தோண்ட மாட்டான்.

தனிப்பாதை

நாடித்துடிப்பு, கீழே உட்கார்ந்து எழுதும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கொலம்பைனில் அந்த நேரத்தில் சுற்றிலும் பாருங்கள். பாதிப் பேர் தள்ளாடுகிறார்கள். என் கையாலேயே தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பொட்டலத்தைக் கிழிக்க முடியவில்லை. ஒவ்வொருவரையும் குதிகால் ஒட்டி நடக்கச் சொன்னால் யாரும் உச்சிக்குப் போக மாட்டார்கள்.

நான் இதைக் கோபத்தில் சொல்லவில்லை. ஏனென்றால் நான் அந்தப் பாறையின் மறுபக்கத்தில் இருந்தவன். அதே ஏற்றம், வேறு ஆண்டு. பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை, பசி மட்டும்தான். என்னைவிடப் பத்து இருபது வயது மூத்த ஒரு பெண்மணி வரிசையை விட்டு விலகி வந்து என் எதிரே குந்தினார். என் ஜெல்லைப் பல்லால் கிழித்து உள்ளங்கையில் வைத்தார். விழுங்கும்வரை கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனை முறை “போங்கள், போங்கள்” என்று சொல்லியும் போகவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு இருவரும் நடந்தோம். இறக்கத்தில் நான் அவரைவிட வேகம், முன்னால் வந்துவிட்டேன். ட்வின் லேக்ஸில் கெடு முடிவதற்குள் எப்படியோ கடந்தேன்.

அவருடைய எண் நினைவில் இருந்தது. அன்று இரவு முடிவுப் பட்டியலில் தேடினேன். உச்சியைத் தொட்ட நேரம் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கட்டத்திலும் ஒரு சின்னக் கோடு. கோடு, கோடு, கோடு.

என்னால்தான். எனக்கு ஒன்றுமே இல்லாதபோது. ஆகவே பின்சக்கரம் நின்றிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னால் உடனே தலையாட்ட முடியவில்லை.

ஏறுமுகம்

தனிப்பாதை, அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பத்து நிமிடம் அவர் கொடுத்தது. அதை உங்கள் கடனாக மாற்றி அவருடைய கையிலிருந்து பறிக்காதீர்கள்.

வால்வு

இறக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கொலம்பைனிலிருந்து இறங்கும்போது எனக்கு முன்னால் ஒருவருடைய பின் டயர் வெடித்தது. அவர் விழவில்லை, அழகாக ஓரம் கட்டினார். நான் என் பம்ப்பைத் தூக்கிக் காட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

தயவுசெய்து டயரைக் கவனியுங்கள். கடல்மட்டத்தில் காற்றடித்துவிட்டு அப்படியே லெட்வில்லுக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மட்டுமே டயரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நாலரை பவுண்டு அளவுக்குக் கூடித் தெரியும். இருபதுக்கு அடித்தது இருபத்துநாலரை. மலைச் சைக்கிளில் அது பெரிய வித்தியாசம். டயர் கல்லாகிப் பிடிப்பை இழக்கும், கை மரத்துப்போகும். ஊருக்கு வந்தபிறகு அளந்து சரிசெய்யுங்கள். ஊரிலிருந்து கொலம்பைன் உச்சிக்குப் போகும்போது கூடுவது ஒரு பவுண்டுக்கும் குறைவு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் இரவு அறைக்குள் கதகதப்பில் அளந்துவிட்டு விடியற்காலைக் குளிரில் போய் நின்றால் ஒரு பவுண்டுக்கு மேலே குறைந்திருக்கும். ஆகவே வெளியே, குளிரில், புறப்படும் முன் அளவெடுங்கள். டியூப் இல்லாத டயர் என்றால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம் காய்ந்திருக்கிறதா என்று முந்தைய வாரமே திறந்து பாருங்கள். வால்வின் நடுமுள்ளைக் கழற்றும் சின்னச் சாவியைச் சட்டைப்பையில் வையுங்கள், முதுகுப்பையின் அடியில் வேண்டாம். 2009-இல் இதே போட்டியில் தொழில்முறை சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பின் டயரில் காற்று இறங்கிய நிலையிலேயே கடைசிப் பகுதியை ஓட்டி முதலாவதாகக் கோட்டைத் தொட்டார். அவரால் முடிந்தது என்று நாமும் முயல வேண்டாம், சக்கரத்தின் விளிம்பு நசுங்கிவிடும்.

பின்சக்கரம்

வால்வு, நன்றி.

நாடித்துடிப்பு, நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். அந்தக் கட்டைவிரலைப் பற்றிச் சொன்னீர்களே, பழகிய அசைவு என்று. அது எனக்குத் தெரியாது. அதை ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

கணவாய்

லெட்வில் போனதில்லை. நேபாளத்தில் அன்னபூர்ணா மலைச்சுற்றில் பல நாள் நடக்கும் சைக்கிள் போட்டி ஒன்றில் ஓட்டினேன். தொரோங் லா கணவாய், 5,416 மீட்டர். அங்கே ஓட்டுவது என்ற பேச்சே பெரும்பாலான இடத்தில் கிடையாது. சைக்கிளை முதுகில் குறுக்காகக் கட்டிச் சுமக்கிறோம்.

இருட்டிலேயே கிளம்பினோம். காற்று சக்கரத்தில் மோதி என்னைச் சுழற்றிக்கொண்டே இருந்தது, பாய்மரம் கட்டியவன் போல. மேலே இருந்து ஒரு சுமைதூக்குபவர் இறங்கி வந்தார். நெற்றியில் வார், முதுகில் என் சைக்கிளைப்போல் மூன்று மடங்கு சுமை. என்னைப் பார்த்தார். நின்றார். பேசவில்லை. கையுறை இல்லாத ஒரு கையை நீட்டி என் முன்சக்கரத்தைப் பிடித்து ஹேண்டிலோடு கால்வட்டம் திருப்பிவிட்டார். முன்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த காற்று வழுக்கிப் போய்விட்டது. நான் மூச்சைச் சேர்த்து ஒரு சொல் சொல்வதற்குள் அவர் கீழே போய்விட்டார்.

தனிப்பாதை, அவர் நின்றது எண்ணினால் ஐந்து விநாடி இருக்கும். நிற்பது என்றாலே பத்து நிமிடம் என்று ஆகிவிடாது.

தனிப்பாதை

அவர் போட்டியில் இல்லை, கணவாய். ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது.

நுழைவாயில்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஒருமுறை கொலம்பைன் உச்சியில் தன்னார்வலராக நின்றவன். குப்பி நிரப்புவது, ஜெல் கிழித்துக் கொடுப்பது. காலையிலிருந்து எத்தனை ஜெல் கிழித்தேன் என்று கணக்கில்லை. மாலைக்குள் விரல் நுனிகள் ஒட்டிக்கொண்டன.

ஒருவர் வந்தார், குப்பியை நீட்டி, “எந்தப் பக்கம் போக வேண்டும்?” என்று கேட்டார். வந்த வழியே திரும்ப வேண்டும், அங்கே திரும்பல் குறி பெரிதாகவே இருக்கிறது. கைகாட்டினேன். நிரப்பிய குப்பியை வாங்கிக்கொண்டு மறுபடி, அதே குரலில், அதே கேள்வி. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். “உங்கள் எண்ணைப் படியுங்கள், விடுகிறேன்” என்றேன். எண் அவருக்கு முன்னால், என் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கிறது. குனிந்து பார்த்தார். இலக்கங்களை மாற்றிப் படித்தார். இன்னொரு முறை என்றேன். வேறு விதமாக மாற்றிப் படித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. கையை எடு என்று கத்தினார், ஓராண்டு உழைப்பு என்றார். பின்னால் வந்தவர்கள் என்னை வில்லனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். விடவில்லை. மருத்துவப் பெண்மணி வந்து தோளைத் தொட்டதும் அடங்கிவிட்டார்.

வண்டியில் ஏற்றினோம். கதவைச் சாத்துவதற்கு முன் பார்த்தேன். சைக்கிளை வேறு யாரோ பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மடியில் கையை வைத்து, இரண்டு விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார், இறக்கத்தில் போவதுபோல.

பின்சக்கரம், நீங்கள் ஓட்டியது எந்த ஆண்டு? உங்களவர் ஹெல்மெட் என்ன நிறம்?

பின்சக்கரம்

நிறம் நினைவில்லை. கொக்கி கறுப்பு. ஆண்டைத் தனியே எழுதுகிறேன்.