வெப்ஃப்ளக்ஸுக்கு மாறிய பின் சேவை மேலும் முடங்குவது ஏன்?

கேள்வி:
எங்கள் ஆர்டர் சேவை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு த்ரெட்டை (நிரலை இயக்கும் இழையை) ஒதுக்கும் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் எம்விசியில் இயங்கிவந்தது. அது அழைக்கும் வெளிச்சேவை ஒன்று தாமதித்தால், எங்கள் வலைச் சர்வரான டாம்கேட்டின் 200 த்ரெட்களும் அதன் பதிலுக்காகக் காத்து நிற்க, அதனோடு தொடர்பே இல்லாத கோரிக்கைகளும் முடங்கின. பதிலுக்காகத் த்ரெட்டை நிறுத்திவைக்காத ரியாக்டிவ் முறை இதைத் தீர்க்கும் என்று நம்பி, ஸ்பிரிங்கில் அம்முறைக்கான கட்டமைப்பாகிய வெப்ஃப்ளக்ஸுக்கு மாறினேன். கன்ட்ரோலர்கள் (கோரிக்கைகளைக் கையாளும் பகுதிகள்) அனைத்தும் மோனோவையே, அதாவது பின்னர் வரப்போகும் ஒரு மதிப்புக்கான உறையையே, திருப்பித் தருகின்றன. தரவுத்தளத்துக்கு மட்டும் பழைய ஜேடிபிசி (பதில் வரும்வரை த்ரெட்டை நிறுத்திவைக்கும் ஜாவா இடைமுகம்). நெரிசல் நேரத்தில் நிலைமை முன்பைவிட மோசமாக உள்ளது. எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன்?

மறுமொழி 1:
சிக்கல் நீங்கள் "மட்டும்" என்று சொல்லிக் கடந்த அந்த ஜேடிபிசியில்தான் இருக்கிறது. நான்கு கோர் கொண்ட கணினியில் வெப்ஃப்ளக்ஸின் வழக்கமான சர்வரான நெட்டி பொதுவாக நான்கு ஈவன்ட் லூப் த்ரெட்களை (எதற்கும் காத்து நிற்காமல் பல கோரிக்கைகளை மாறி மாறிக் கவனிப்பவை) வைத்தே எல்லாக் கோரிக்கைகளையும் கவனிக்கிறது. ஒவ்வொரு வினவலும் அவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்திவிடுவதால், நான்கு வினவல்கள் தாமதித்தாலே சேவை முழுவதும் நின்றுவிடும். த்ரெட்டை நிறுத்தாத தரவுத்தள இடைமுகமான ஆர்2டிபிசிக்கு மாறுங்கள், இயலாவிட்டால் அந்த அழைப்பை, கேட்கும்போது மட்டுமே ஓடவைக்கும் மோனோ.ஃப்ரம்காலபிளுக்குள் வைத்து, காத்திருக்கும் வேலைகளுக்குத் தனித் த்ரெட்களைத் தரும் பவுண்டட்எலாஸ்டிக் ஷெட்யூலரில் ஓடவிடுங்கள். கைவசமுள்ள மதிப்பை உறையிடும் மோனோ.ஜஸ்ட்டுக்குள் அழைப்பை எழுதினால், யாரும் சப்ஸ்கிரைப் செய்யும் (முடிவைக் கேட்கும்) முன்பே அது அங்கேயே ஓடி முடிந்துவிடும் (இதில் சிக்காதவர் அரிது). இத்தகைய இடங்களைச் சோதனையின்போதே பிளாக்ஹவுண்ட் என்ற கருவி காட்டிக்கொடுக்கும்.

மறுமொழி 2:
ரியாக்டிவ் முறையைக் கற்பதானால் ஆபரேட்டர்களை (தரவோடையை மாற்றும் செயல்களை) மனப்பாடம் செய்வதற்கு முன் பேக்பிரஷரைப் புரிந்துகொள்ளுங்கள். 2015-இல் வெளியான ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் வரையறையில் இருப்பவை நான்கே இன்டர்ஃபேஸ்கள். ஜாவா 9-இல் அவையே ஃப்ளோ என்ற பெயரில் சேர்ந்தன. பெறுபவர் தம்மால் கையாள இயலும் எண்ணிக்கையைக் கேட்ட பிறகே அனுப்புபவர் அந்த அளவுக்குள் அனுப்ப வேண்டும் என்பதே பேக்பிரஷரின் சாரம். அடுத்தது டைம்அவுட்டும் (காத்திருப்புக்கான கால வரம்பு) ரீட்ரையும் (மறுமுயற்சி). இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டாமல் மீண்டும் மீண்டும் முயன்றால், தடுமாறும் வெளிச்சேவையை நீங்களே வீழ்த்திவிடுவீர்கள்.

மறுமொழி 3:
காத்திருப்பு மட்டுமே தொல்லை என்றால், ஜாவா 21-இன் வர்ச்சுவல் த்ரெட்களோடு (ஏராளமாக உருவாக்கத்தக்க இலகுவான த்ரெட்கள்) எம்விசியிலேயே இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. அங்கும் டைம்அவுட் தேவை. தரவுத்தள இணைப்புகளைச் சேர்த்துவைத்துத் தரும் ஹிகாரியின் இணைப்புகள் இயல்பாகப் பத்துதான் என்பதால் நெரிசல் அங்கே இடம்பெயரும். இடையறாது வரும் தரவோடைகளுக்கே ரியாக்டிவ் முறையின் சிக்கலைச் சுமப்பது தகும்.

கேட்டவர்:
நன்றி. தேடிப் பார்த்ததில் மோனோ.ஜஸ்ட்டுக்குள் 11 இடங்களில் ஜேடிபிசி அழைப்பு இருக்கிறது. முதலில் அவற்றை மாற்றிவிட்டு, பழைய எம்விசி கிளையை வர்ச்சுவல் த்ரெட்களோடு ஓட்டி, இரண்டையும் ஒரே சுமையில் ஒப்பிடப் போகிறேன்.