தண்டல் வசூல் நடைமுறை தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் எழுதும், வடசென்னையில் நடக்கும் ஒரு நாவலில் வில்லன் தண்டலுக்குப் பணம் விடுபவர். 8,500 ரூபாய் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாளில் 10,000 எடுக்கும் கணக்கு. சிக்கல் அவரிடம் இல்லை, வசூலுக்குப் போகும் அடியாளிடம்.

அடியாளுக்கு முதலாளியின் நோக்கத்தைத் தவிரச் சொந்தக் கணக்கு எதுவும் இல்லையென்றால் பாத்திரம் தட்டையாகிவிடும். நாயகன் தப்ப வேண்டிய இடத்தில் மட்டும் அடியாள் திடீரென முட்டாளாவான். அது வாசகரை ஏமாற்றும் வேலை. அவன் ஒருவருக்குத் தவணை தள்ளிவிட்டால், அதன் விலை அடுத்த அத்தியாயத்திலேயே அவன் தலையில் விழ வேண்டும். அடிதடியும் அதிகம் தேவையில்லை. பூக்கடை வாசலில் பைக்கை நிறுத்தி, வாங்க வந்தவர்கள் பார்க்க, தவணை குறிக்கும் அட்டையை நீட்டினாலே போதும். (அருவாளைச் சினிமாவுக்கு விட்டுவிடலாம்.)

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: வசூல் ஆளுக்குச் சம்பளமா, கமிஷனா? பணம் வராத நாளில் துண்டு விழுவதை யார் கட்டுவது? அட்டையில் கையெழுத்தா, வெறும் டிக்கா? 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் புகார் போனால், முதலாளி முதலில் கைகழுவுவது இவனைத்தானா? பெயர், தெரு எதுவும் வேண்டாம், நடைமுறை மட்டும் போதும்.