ஜப்பானிய அழகுசாதன விளம்பரப் பாடல்கள்: உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். 1970களின் பிற்பகுதியிலிருந்து ஷிசெய்டோ, கானெபோ ஆகிய இரு நிறுவனங்களும் பருவந்தோறும் புதிய பாடல்களுடன் தொலைக்காட்சி விளம்பரங்களில் மோதிக்கொண்டது குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1978 இலையுதிர்காலத்தில் ஷிசெய்டோவுக்காக ஹோரியுச்சி தகாவோ பாடிய பாடலின் தலைப்புக்கு ‘உன் விழிகள் 10,000 வோல்ட்’ என்று பொருள். விளம்பர வாசகமே பாடலின் தலைப்பாகவும் அமைந்துவிட்டது. (கண்மை விற்க இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்குமா!) 1980 வசந்தத்தில் ஷிசெய்டோ தகெயுச்சி மரியாவையும், கானெபோ வாத்தானபே மச்சிகோவையும் பாட வைத்தன.

எனக்கு வேண்டியது இதுதான்: வாசகத்தை முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு அதற்கேற்பப் பாடல் எழுதச் சொன்னார்களா, அல்லது பாடலிலிருந்து வாசகம் பிறந்ததா என்பதைப் பாடலாசிரியர்களோ விளம்பர எழுத்தாளர்களோ விளக்கியுள்ள நேர்காணல்களை, ஜப்பானிய மொழி அறிந்தவர்கள் யாரேனும் சுட்டிக்காட்டினால் பேருதவியாக இருக்கும். ஷிசுவோக்கா மாநிலத்தின் காகெகாவாவிலுள்ள ஷிசெய்டோ அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள், அங்கே பழைய விளம்பரப் படங்களைப் பார்க்க முடிகிறதா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். பாடல்களின் இணைய இணைப்புகள் என்னிடம் ஏற்கெனவே உள்ளன.