தாய்கின்ஜோ சாக்கேயைச் சூடாக்கிக் கெடுத்துவிட்டேனா?

ஒசாகாவாசி:
இங்கே வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மேலாளர் சொந்த ஊருக்குப் போய்வந்தபோது 720 மில்லி ஜுன்மாய் தாய்கின்ஜோ (ஆல்கஹால் தனியாகச் சேர்க்காத உயர்ரகச் சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது) ஒன்று வாங்கிக்கொடுத்தார். சாக்கே என்றாலே சூடாகத்தான் குடிக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து, சோயா சாறு சொட்டச் சொட்ட வாங்கிவந்த யாகிதோரி கோழியோடு குடித்தேன். மூக்கில் சுர்ரென்று ஏறியதுதான் மிச்சம், பழ வாசனை என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எங்கே போனது? இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. எப்படிக் குடிப்பது, எதோடு?

கோபேக்காரன்:
அடடா! தாய்கின்ஜோ என்றால் அரிசியைத் தீட்டித் தீட்டி, பாதியோ அதற்கும் குறைவோ மிஞ்சும் நடுப்பகுதியை மட்டும் வைத்துச் செய்வது. அந்த வாசனைக்காகத்தான் இவ்வளவு பாடும், கொதிக்கவிட்டால் முதலில் ஓடிப்போவதும் அதுதான். 10 முதல் 15 டிகிரிக்குள் குடியுங்கள். குட்டிக் கிண்ணம் வேண்டாம், வைன் கிளாஸ் இருந்தால் நல்லது. கூடவே ஹிராமே மாதிரி வெள்ளை மீன் சாஷிமி (பச்சை மீன் துண்டுகள்), அதையும் சோயாவில் முக்காமல் உப்பும், எலுமிச்சை மாதிரியான சுதாச்சியின் சாறும் தொட்டு.

மீன்முள்:
தம்பி, சூடாக்கியது குற்றமில்லை, ஆளை மாற்றிச் சூடாக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். யாகிதோரிக்கு யமஹாய் ஜுன்மாய் வாங்குங்கள், விலையும் பாதிதான் இருக்கும். பழைய முறையில் மெதுவாக நொதிக்கவைத்த, புளிப்பும் கனமும் உள்ள சரக்கு அது, சோயா இனிப்புக்கு ஈடுகொடுக்கும். மைக்ரோவேவ் வேண்டாம், மேலே கொதித்துக் கீழே ஆறிக்கிடக்கும். தோக்குரி ஜாடியில் ஊற்றி, அடுப்பை அணைத்த சுடுநீரில் கழுத்தளவு இறக்கி வையுங்கள், 45 டிகிரி வந்தால் எடுத்துவிடலாம். மிசோவில் (நொதித்த சோயா விழுது) வேகவைத்த கானாங்கெளுத்தியோடு ஒருமுறை குடித்துப் பாருங்கள், அப்புறம் என் பேச்சை நம்புவீர்கள்.

மீனுக்கு வைனைவிட சாக்கேதான் எனக்குப் பிடிக்கும். வைனில் இரும்புச்சத்து கூடுதலாக இருந்தால் மீனோடு சேர்ந்து கவிச்சி அடிக்கும். சாக்கே செய்பவர்களோ இரும்பு இல்லாத தண்ணீராகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கோபேக்காரர் ஊர்ப் பக்கம் சாக்கே செய்யும் வட்டாரமான நாதாவில் பயன்படுத்தும் மியாமிசு ஊற்றுநீர் அதற்குப் பேர்போனது.

கோபேக்காரன்:
சரி, யமஹாய் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். தாய்கின்ஜோவை வெதுவெதுப்பாகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பரிசாக வந்த பாட்டிலில் அந்தப் பரிசோதனை வேண்டாமே. மூடி திறந்தாயிற்று அல்லவா, ஃப்ரிஜ்ஜில் நிமிர்த்தி வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஒசாகாவாசி:
நேற்று சூப்பர்மார்க்கெட்டில் கடைசி நேரத் தள்ளுபடியில் ‘தாய்’ என்கிற வெள்ளை மீனின் சாஷிமி கிடைத்தது. சுதாச்சி இல்லை, எலுமிச்சைதான். முதல் வாய் குடித்ததும் பழுத்த பேரிக்காய் வாசனை, விழுங்கிய பிறகுதான் அரிசியின் இனிப்பு மெதுவாக வந்தது. இரண்டாவது கிளாஸோடு பழக்கதோஷத்தில் மாங்காய் ஊறுகாயை ஒரு விரல் தொட்டேன், அத்தோடு வாசனை போயே போய்விட்டது. மேலாளரிடம் சூடாக்கிய கதையைச் சொல்லலாமா, வேண்டாமா?

மீன்முள்:
ஊறுகாய்க் கதையை மட்டும் சொல்லாதீர்கள்.