புதுப்பிப்பு: கடைசியில் ஹார்பெத்தான்

10-க்கு 12 அடி அறைக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், கெஃப் எல்எஸ்50 மெட்டாவா, ஹார்பெத் பி3இஎஸ்ஆர் எக்ஸ்டியா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, ஹார்பெத் என்று முடிவாகிவிட்டது. கெஃப் ஒன்றும் சளைத்ததில்லை, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர், கீழ் ஒலிகளைத் தரும் வூஃபரின் நடுவிலேயே இருப்பதால் சோபாவில் எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் பாடுபவர் நடுவில்தான் நிற்கிறார். ஆனால் அதன் போர்ட் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலி வெளியேறும் துளை) பின்பக்கம், என் அறையில் சுவரைவிட்டு ஓரடிக்கு மேல் தள்ளி வைக்க வழியில்லை, மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் கும்மென்று ஒரு இழுவை. (கூடவே வரும் ஃபோம் அடைப்பானைச் சொருகினால் குறைகிறது, கொஞ்சம் உயிரும் போய்விடுகிறது.)

ஹார்பெத் பி3 அப்படியில்லை, போர்ட் இல்லாத மூடிய பெட்டி. பிபிசி 1970களில் ஒளிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் வழியில் வந்தது. பேஸ் ரொம்ப ஆழம் போகாது, போகிற வரைக்கும் சுத்தம். குரல்தான் இதன் கோட்டை, பல்லவிக்கு முன் பாடகி மூச்சு இழுப்பது வரை கேட்கிறது.

அப்புறம் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பற்றிக் கேட்டவர்களுக்கு: பி3-இன் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்பது) 83.5 டெசிபல்தான், சக்தி குறைந்த சின்ன ட்யூப் (வால்வு) ஆம்ப்பில் திணறும். என்னுடைய 60 வாட் ஆம்ப்பில் தாராளமாக ஓடுகிறது. பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் இப்போதைக்கு வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரும் மனிதர்தானே.